சுடவில்லை என்று சொன்னேன்

ஏப்ரல் 8, திங்கள்

பத்தொன்பதாவது வருஷமும் பூக்குழி இறங்கியாயிற்று. சரியாக மாலை 6.12. பஸ் ஸ்டாண்டில் முப்பத்திரண்டு வருஷம் டைம்கீப்பராக இருந்தவன், எதையும் நேரம் போட்டு எழுதாவிட்டால் தூக்கம் வராது.

மற்றவர்கள் ஐந்தாறு விநாடியில் தணலை ஓடிக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அந்த அவசரம் கிடையாது. நடுக்குழியில் நின்று, இரண்டு கையையும் தூக்கி அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் நகர்ந்தேன். பெண்கள் குலவை போட்டார்கள். தர்மகர்த்தா சௌந்தரபாண்டி மைக்கில், "நம்ம குருவையா அண்ணனுக்கு அம்மன் பூவையே விரிச்சிருக்கா, பாத்துக்கங்க!" என்றார். மைக்கை வாங்கி நானும் சொன்னேன்: சுடவே இல்லை, வீட்டுக்குள் நடப்பதுபோல் இருந்தது என்று. அது சத்தியம். இரண்டு வருஷமாகவே எனக்குச் சுடுவதில்லை.

எனக்கு அடுத்து இறங்கியது பக்கத்துத் தெரு அங்கம்மாள், இடியாப்பக் கடைக்காரி. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து அவள் மகள் முழுகாமல் இருக்கிறாள், அதற்கு நேர்த்திக்கடன். பாதிக் குழியில் "ஆத்தா!" என்று அலறிவிட்டாள். கரையேறி, கால் நனைக்கும் பால் குழியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கூட்டத்தில் முகம் சுளித்தார்கள்.

ஏப்ரல் 10, புதன்

இடது கால் பெருவிரலுக்குக் கீழே ஒரு கொப்புளம். செருப்புக் கடிதான். வலி துளிகூட இல்லை.

சாக்ஸ் மாட்டிக்கொண்டேன். ராமுத்தாய் பார்த்துவிட்டாள். "இந்த வெயில்ல எதுக்கு சாக்ஸு?"

"கொசு."

"பகல்லயா?"

முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தினாலும் பெண்டாட்டி கேள்வி கேட்பதை மட்டும் நிறுத்தமாட்டாள்.

காப்புக் கட்டியதிலிருந்து பதினைந்து நாள் நான் ஊர் எல்லை தாண்டவில்லை. கவுச்சி தொடவில்லை. தனிப் பாய், இரண்டு வேளைக் குளியல். சர்க்கரை மாத்திரையைக்கூட நிறுத்தி வைத்தேன். விரதம் பிசகியவனுக்குத்தான் பூக்குழி சுடும், இது ஊரறிந்த விஷயம். எனக்கு எதுவும் பிசகவில்லை. ஆகவே இது செருப்புக் கடி.

குழியிலிருந்து எல்லோரும் ஒரு கை சாம்பல் அள்ளி வருவோம். அதில் கொஞ்சம் அப்பி வைத்தேன்.

ஏப்ரல் 13, சனி

கேஸ் சிலிண்டர் வந்தது. மோட்டாருக்கு வாஷர் மாற்றினேன்.

டீக்கடையில் அங்கம்மாள் பேச்சு வந்தது. பத்தொன்பது வருஷம் இறங்கியவன் என்பதால் என்னைக் கேட்டார்கள். நானும் ஒரு வார்த்தை சொன்னேன். பெரிதாக ஒன்றுமில்லை.

கொப்புளம் உடைந்துவிட்டது. மறுபடி சாம்பல் வைத்தேன்.

ஏப்ரல் 16, செவ்வாய்

கோயிலிலிருந்து திரும்பும்போது பூக்காரி கூப்பிட்டாள். "டைம்கீப்பரண்ணே, ஒத்தச் செருப்போட போறீகளே!" குனிந்து பார்த்தால் இடது காலில் செருப்பு இல்லை. தெருமுனையில் கிடந்தது. எப்போது கழன்றது என்று தெரியவில்லை. "சாமி நெனப்பும்மா" என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

மாத்திரையை மறுபடி ஆரம்பிக்க வேண்டும். மறந்து மறந்து போகிறது.

ஏப்ரல் 18, வியாழன்

வீட்டில் எலி செத்துக் கிடக்கும் வாடை. ராமுத்தாய் மூலை முடுக்கெல்லாம் தேடினாள். நானும் கூடவே தேடினேன். பீரோவை நகர்த்தினோம். பரணில் இருந்த பழைய பாத்திரம் அத்தனையையும் இறக்கினோம். எலி கிடைக்கவில்லை. ஊதுபத்தி கொளுத்தி வைத்தேன்.

ஏப்ரல் 20, சனி

பெருவிரலும் அடுத்த விரலும் கருத்திருக்கின்றன. சாம்பல் ஒட்டியிருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு குளியலறையில் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை.

ஏப்ரல் 22, திங்கள்

காலை 9 மணிக்குக் குளிர் தூக்கிப் போட்டது. சித்திரை வெயிலில் இரண்டு போர்வை போர்த்தியும் பல் கிட்டியது. ராமுத்தாய் கால்மாட்டில் உட்கார்ந்து, நான் தடுக்கத் தடுக்கச் சாக்ஸை உருவினாள். சாக்ஸோடு தோலும் வந்தது. பாதம் வீங்கி, இரண்டு விரலும் கரிக்கட்டையாக இருந்தன. கீழே சீழ். எங்கிருந்தோ ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. அவள் விரட்டினாள், திரும்ப வந்தது.

அவள் அழவில்லை. "எலி இங்க இருக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சேலையை மாற்றிக்கொண்டு ஆட்டோ கூப்பிடப் போனாள்.

என்னோடு சேர்ந்து பீரோவைத் தள்ளியவள். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஏப்ரல் 23, செவ்வாய். பெரியாஸ்பத்திரி

சர்க்கரை 412. கையில் சலைன் இறங்குகிறது. வயிற்றில் இன்சுலின் ஊசி.

சர்ஜன் நஸ்ரின் பேகம், சின்ன வயசுப் பெண். மூக்கைக்கூடப் பொத்தாமல் காலைத் தூக்கிப் பார்த்தார். கணுக்காலில் விரல் வைத்து நாடி பிடித்தார். பிறகு ஒரு நைலான் நரம்பை எடுத்து, "கண்ணை மூடுங்க. பாதத்துல தொடத் தொட 'ஆமா'ன்னு சொல்லுங்க" என்றார்.

கண்ணை மூடினேன். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பேசாமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்? ஒரு கணக்குப் போட்டு, கொஞ்சம் இடைவெளி விட்டு விட்டு, "ஆமா... ஆமா... இப்ப பெருவிரல்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

"ஐயா, நான் நிறுத்தி ரொம்ப நேரமாச்சு" என்றார்.

கண்ணைத் திறந்தேன். நரம்பு அவர் சட்டைப் பைக்குப் போய்விட்டிருந்தது. பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். அறுபத்தோரு வயதில் பிட் அடித்து மாட்டிக்கொண்டவன்போல் உட்கார்ந்திருந்தேன்.

"எத்தனை வருஷமா மரத்துப் போயிருக்கு?"

"இல்லையே டாக்டர்."

ராமுத்தாய் குறுக்கே வந்தாள். "ரெண்டு வருஷமா செருப்பு கழண்டாக்கூடத் தெரியாதும்மா இவுகளுக்கு."

தெரிந்தே இருந்திருக்கிறாள். டாக்டர் என்னைப் பார்த்து, "அப்ப நெருப்புல நின்னாலும் உங்களுக்குச் சுடாது" என்றார். அவருக்குப் பூக்குழி விஷயம் ஒன்றும் தெரியாது. பேச்சுக்குத்தான் சொன்னார்.

ஏப்ரல் 24, புதன்

இதற்குப் பெயர் கேங்ரீன். சதை செத்து அழுகுவது. செத்த சதையை வெட்டி எடுக்காவிட்டால் விஷம் மேலே ஏறும். கணுக்காலில் ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதால் காலைக் காப்பாற்றலாம், இரண்டு விரலை எடுத்தே ஆகவேண்டும் என்கிறார் டாக்டர்.

"முதல் வாரமே வந்திருந்தா வெறும் டிரஸ்ஸிங்கோட போயிருக்கும். சாம்பலை அப்பி அப்பி உள்ள புழு வர்ற அளவுக்கு வச்சிருக்கீங்க. அக்கம்பக்கத்துல யாருக்காவது கால்ல புண்ணுன்னா நீங்களாவது சொல்லி அனுப்பி வைங்க."

தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். மணி 11.20.

ஏப்ரல் 26, வெள்ளி

இரண்டு விரல் போயிற்று. இருந்தபோது வலிக்காதவை, இல்லாதபோது வலிக்கின்றன.

ஏப்ரல் 28, ஞாயிறு

தினமும் காலை ஏழரைக்கு அந்தோணி வருகிறார், டிரஸ்ஸிங் போடுபவர். உப்புத் தண்ணீரில் கழுவி, செத்ததைச் சுரண்டி, சிவப்பாகச் சதை தெரிந்தால் "ஆகா, மாதுளம்பழம்!" என்பார். எனக்குக் குமட்டும். ராமுத்தாய் கூடவே நின்று குனிந்து பார்க்கிறாள். வீட்டுக்குப் போனால் எப்படிக் கட்டுவது என்று கேட்டுக் கற்றுக்கொள்கிறாள்.

சாயங்காலம் சௌந்தரபாண்டி ஆர்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். கட்டிலில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, ஊர்ல என்ன ஏதுன்னு கேக்குறாங்க. பூக்குழியில சுட்டுருச்சுன்னா, பத்தொன்பது வருஷம் இறங்குனவருக்கே விரதம் பிசகிருச்சான்னு பேசுவாங்க. டூவீலர்காரன் ஏத்திட்டான்னு சொல்லிருவோம். கோயில் பேரும் இருக்கு, உங்க பேரும் இருக்கு."

நான் சரி என்றேன். அதோடு விட்டேனா? "டூவீலர் வேண்டாம். தண்ணி லாரின்னு சொல்லுங்க, நம்புவாங்க" என்று நானே எடுத்துக் கொடுத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு இலை போட்டுக் கொடுத்தவன் நான்.

ராமுத்தாய் அந்தப் பக்கம் திரும்பி நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 30, செவ்வாய்

ராமுத்தாய் மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்குப் போய் வந்தாள். இட்லியைப் பிட்டு வைத்துவிட்டு, மெதுவாக ஆரம்பித்தாள்.

"அங்கம்மா கடை தொறக்காம பத்து நாளாச்சாம். அதுக்கு முந்தியே யாரும் வாங்க வரலையாம். போய்ப் பாத்தேன். உள்ளறையில காலைச் சேலைக்குள்ள மூடிக்கிட்டுப் படுத்திருக்கா. அவளுக்கும் சுகர் இருக்குல்ல. அந்த ரூம்ல வந்த வாடை எனக்குத் தெரிஞ்ச வாடைங்க."

"ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டியா?"

"கூப்பிட்டேன். வரமாட்டேங்கிறா. 'விரதம் சரியில்லாமத்தான் சுட்டுச்சுன்னு குருவையா அண்ணனே சொல்லிட்டாக. அம்மன் குடுத்த தண்டனைய டாக்டர்கிட்டப் போயி ஆத்துனா, அந்தக் கோவம் எம்மக வயித்துல விடியும்'ங்கிறா. குழிச் சாம்பலைத்தான் அள்ளி அள்ளி வைக்கிறா."

இட்லித் தட்டை ஒதுக்கி வைத்தாள். "என்னங்க சொன்னீங்க டீக்கடையில?"

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மே 1, புதன்

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டில்கூட மறைத்தால் அப்புறம் நான் என்ன மனுஷன்.

13ஆம் தேதி டீக்கடையில் ஆறு பேர் இருந்தார்கள். "ஏண்ணே, அந்தப் பொம்பளைக்கு மட்டும் ஏன் சுட்டுச்சு?" என்று கேட்டார்கள். நான் டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "விரதம் சுத்தமா இருந்தா ஏன் சுடப்போகுது? புருசன் இல்லாதவ, கடை கண்ணின்னு நாலு பேரோட பழகுறவ. எங்க பிசகுச்சோ, அம்மனுக்குத்தான் தெரியும்" என்றேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது என் சாக்ஸுக்குள் கொப்புளம் உடைந்து ஈரமாக இருந்தது.

அவள்மேல் எனக்கு ஒரு விரோதமும் கிடையாது. பேச்சு அவள் காலோடு நிற்கட்டும், என் காலுக்கு வரவேண்டாம் என்று நினைத்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதத்தான் கை வரவில்லை. குழிக்கு முன்னால் வரிசையில் அவள் எனக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டு நின்றாள். "அண்ணே, முதத் தடவை. சுடுமாண்ணே?" என்று கேட்டாள். எல்லோரும் முதல் தடவைக்காரர்களுக்கு என்ன சொல்வார்கள்? நிற்காமல் ஓடிவிடு என்பார்கள். எனக்கும் என் முதல் வருஷம் அப்படித்தான் சொன்னார்கள், ஓடினேன், பிழைத்தேன். நான் அவளிடம், "பூ மாதிரி இருக்கும் தாயி. ஓடாத. நிதானமா நட. என்னையப் பாத்துக்கிட்டே வா" என்றேன்.

அவள் நான் சொன்னதைக் கேட்டு நடந்தாள்.

மே 2, வியாழன்

வீட்டுக்கு விட்டார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் டிரஸ்ஸிங். இடது கால் தரையில் படக்கூடாது.

அங்கம்மாளுக்குப் போன் போட்டேன். "தாயி, ஆஸ்பத்திரிக்கு வந்துரு. காலு விஷயத்துல விளையாடக்கூடாது" என்றேன்.

"உங்களுக்கென்னண்ணே, லாரி ஏறுன காலு. ஆறிரும். நீங்க சீக்கிரம் எந்திரிச்சு நடக்கணும்னு அம்மனை வேண்டிக்கிட்டுத்தான் இருக்கேன்."

எனக்காக வேண்டிக்கொண்டிருக்கிறாள்! சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வாய் வரவில்லை. "டவர் சரியில்ல தாயி" என்று சொல்லி வைத்துவிட்டேன். டவரெல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

தூ, நானும் ஒரு ஆம்பளை.

மே 3, வெள்ளி

காலை 8.05க்கு ஆட்டோ வரச்சொன்னேன். எங்கே போகிறோம் என்று ராமுத்தாய் கேட்கவில்லை, ஏறி உட்கார்ந்தாள்.

அங்கம்மாள் வீட்டு வாசலில் இறக்கிவிடச் சொன்னேன். ராமுத்தாய் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நொண்டி நொண்டிப் படியில் உட்கார்ந்தேன். குழாயடியில் பெண்கள் இருந்தார்கள். எதிர்க் கடையில் ஆட்கள் இருந்தார்கள். டீக்கடையில் சிரித்தவர்களில் இரண்டு பேரும் அங்கே நின்றார்கள். நல்லதாகப் போயிற்று.

"அங்கம்மா! வெளிய வா தாயி!"

சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒரு மாதத்தில் பாதியாக இளைத்திருந்தாள். வாடை அவளுக்கு முன்னால் வந்தது.

நான் கட்டைப் பிரித்தேன். ராமுத்தாய் தடுக்கவில்லை. பஞ்சை எடுத்தேன். வெயிலில் அந்தக் காலை நீட்டி வைத்தேன்.

"லாரி இல்ல தாயி. எந்த லாரியும் ஏறல. பூக்குழியில வெந்த காலு இது. என் காலு செத்து ரெண்டு வருஷமாச்சு. சுடலன்னு சொன்னேன்ல, சுட்டுச்சு, எனக்குத் தெரியல, அம்புட்டுத்தான். உனக்கு உசுரு இருந்துச்சு, நீ கத்துன. உன் விரதத்துல ஒரு பிசகும் இல்ல. பிசகுனவன் நான்தான். ஓடாதன்னு உன்னைய நிறுத்தி வேகவச்சதும் நான், அதுக்கப்புறம் உன் பேரைக் கெடுத்ததும் நான்."

கடைசி வரைக்கும் கத்திச் சொன்னேன். குழாய் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, யாரும் குடத்தை எடுக்கவில்லை. கடை வாசலில் நின்ற இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

அங்கம்மாள் என் காலையே ரொம்ப நேரம் பார்த்தாள். இல்லாத இரண்டு விரல் இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"அப்ப ஏன்ணே அப்படிச் சொன்னீங்க?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். விளக்குமாற்றை எடுத்திருந்தால் குனிந்து வாங்கியிருப்பேன். புரியாமல் கேட்டாள்.

"வெக்கம் தாயி. என் மானம் போயிரக்கூடாதுன்னு பயம்."

ராமுத்தாய் போய் அவள் இடுப்பில் கை கொடுத்தாள். ஆட்டோவில் ஏறினாள். மூவரும் ஒரே ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம்.

தெருப் புழுதியில் புண்ணைத் திறந்து வைத்ததற்காக அந்தோணி என்னைக் கிழி கிழி என்று கிழித்தார்.

மே 4, சனி

அங்கம்மாளுக்குச் சர்க்கரை 480. பாதம் முழுக்கப் போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும். அதற்கே உத்தரவாதம் இல்லை, விஷம் ரத்தத்தில் கலந்திருக்கிறது என்கிறார் நஸ்ரின் டாக்டர். "ஒரு வாரம் முன்னாடி வந்திருந்தா பாதத்தோட நிறுத்தியிருப்பேன்" என்றார்.

ஒரு வாரம் முன்னால் என்றால் 27ஆம் தேதி. மறுநாள்தான் நான் சௌந்தரபாண்டிக்குத் தண்ணி லாரியை எடுத்துக் கொடுத்தேன். அந்த ஆர்லிக்ஸ் பாட்டில் இன்னும் பிரிக்காமல் வீட்டில் இருக்கிறது.

மே 5, ஞாயிறு

எடுத்துவிட்டார்கள். 10.40க்கு உள்ளே கொண்டுபோய் 1.15க்கு வெளியே கொண்டுவந்தார்கள். மகளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம், மாதம் ஏறியிருக்கிறது. ராமுத்தாய்தான் கூட இருக்கிறாள்.

மே 7, செவ்வாய்

காய்ச்சல் குறையவில்லை.

மே 8, புதன்

சௌந்தரபாண்டி வீட்டுக்கு வந்து சத்தம் போட்டார். கோயில் மானத்தைத் தெருவில் போட்டு உடைத்துவிட்டேனாம். "கோயிலுக்கு என்னய்யா வந்துச்சு? அம்மன் நம்மளைப் பொய் சொல்லவா சொன்னா? அடுத்த வருஷம் காப்புக் கட்டுறதுக்கு முந்தி எல்லாருக்கும் சுகர் பாருங்க, கால் மரத்தவனை இறக்காதீங்க" என்றேன். கோபத்தோடு போய்விட்டார். கேட்டுக்கொள்வாரா, தெரியாது.

மே 9, வியாழன்

அங்கம்மாளுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. பிழைத்துக்கொண்டாள் என்று டாக்டர் சொன்னாராம். ராமுத்தாய் போனில் அழுதாள். எனக்குத் தெரிந்து இந்த ஒரு மாதத்தில் அவள் அழுதது இப்போதுதான்.

மே 11, சனி

டிரஸ்ஸிங் முடிந்ததும், சக்கர நாற்காலியில் பெண்கள் வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னேன். வாசல் வரை போய்விட்டுத் திரும்பிவிடலாமா என்று இருந்தது. ராமுத்தாய் தள்ளிக்கொண்டே போய்விட்டாள்.

அங்கம்மாள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். போர்வை ஒரு பக்கம் பாதியிலேயே தட்டையாகப் படிந்திருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க முயன்றேன், முடியவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். யார்கிட்டயும் கேக்க முடியாம இருக்கேன்."

"கேளு தாயி."

"நீங்க அப்படிச் சொல்லிட்டீங்கன்னு தெரிஞ்சதும், நான் எங்க பிசகுனேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன்ண்ணே. படுத்தா அதே நெனப்பு. ஒவ்வொரு நாளா எடுத்து, காலையிலருந்து என்ன பண்ணேன், யார்கிட்டப் பேசுனேன், என்ன தொட்டேன்னு பாத்தேன். ஒண்ணுமே ஆம்பிடல. கடைசியில ஒண்ணு ஆம்பிட்டுச்சு."

குரலைத் தாழ்த்தினாள். பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்டுவிடக்கூடாது என்று என் பக்கம் குனிந்தாள்.

"காப்புக் கட்டி மூணாம் நாளு, எதுத்த வீட்டுல மீன் கொழம்பு கொதிச்சுச்சு. வாசனை வந்துச்சு. ஆகா, நல்லாருக்கேன்னு நெனச்சுட்டேன்ண்ணே. ஒரு நிமிசம்தான். அதுக்குத்தான் சுட்டுச்சு, அதுக்குத்தான் காலு போச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன். நீங்க அன்னிக்குத் தெருவுல ஒரு பிசகும் இல்லன்னு சொன்னீங்க. ஆனா உங்களுக்கு இது தெரியாதுல்ல. இப்பச் சொல்லுங்கண்ணே. அதனாலயா?"

என்னிடம்தான் கேட்கிறாள். இன்னும் என் வாய்ச் சொல்லைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

"இல்ல தாயி. அதனால இல்ல."

"நெசமாவா?"

"சத்தியமா இல்ல."

கால் போனதற்கு அவள் அழவில்லை என்று ராமுத்தாய் சொல்லியிருந்தாள். இப்போது முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். சுற்றிலும் பெண்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன்.